சிவப்புக் கட்டையின் மேல் நின்ற விண்கலம்

தம்பி,

நலமா என்று கேட்டுத் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய், பொம்மைகளுக்கு மார்க் போட்டு நீ போடுகிற வீடியோவில் பார்த்தேன். கன்னம் கொஞ்சம் பூசினாற்போல் ஆகியிருக்கிறது. முடி வெட்டியிருக்கிறாய். பின்னால் சுவரில் நீல விளக்கு எரிகிறது, அலமாரி நிறையப் பிளாஸ்டிக் கட்டைகளால் கட்டிய கார்களும் கப்பல்களும் நிற்கின்றன. நாங்களும் இங்கே நலம் என்று எழுதினால் அது பொய். பொய் எழுதக் கூடாது என்றுதான் இன்றைக்குப் பேனாவையே எடுத்தேன். கையால் எழுதி, பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவேன். குரல் செய்தி அனுப்பினால் நீ அதை வேகமாக ஓடவிட்டுக் கேட்பவன். போன் பண்ணினால் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிக்கொண்டே கம்ப்யூட்டரைத் தட்டுபவன். என் கையெழுத்தை நீ ஓடவிட முடியாது, உட்கார்ந்து படித்துத்தான் ஆக வேண்டும். விருப்பப்பட்டால் இதையும் உன் வீடியோவில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டு. எனக்கு ஆட்சேபணை இல்லை. இனிமேல் மறைக்க என்ன மிச்சம் வைத்திருக்கிறாய்?

முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், மீதியைப் படிக்காமல் போனாலும் இதைப் படித்துவிடு. வியாழக்கிழமை நீ போடப் போவதாகச் சொன்ன இரண்டாவது வீடியோவைப் போடாதே. 'அம்மா கட்டை திருடினாங்கன்னு சொன்னது சும்மா கதை' என்று சொல்லப் போகிறாயே, அதை. சனிக்கிழமை போனில் நானே "சரி, போட்டுத் தொலை" என்று சொன்னேன். அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

அந்த முதல் வீடியோவை நான் பதினொரு முறை பார்த்துவிட்டேன். கைக்கு அடக்கமான ஒரு விண்கலம், ஏதோ ஆங்கிலப் படத்தில் வருவதாம். அதன் பெட்டியைக் காட்டினாய், கட்டைகளை எண்ணினாய், கட்டினாய், கையில் தூக்கிக்கொண்டு அறை முழுக்க 'ஷ்ஷ்ஷ்' என்று ஓடினாய். இருபத்தேழு வயசுப் பிள்ளை ஓடுகிறதே என்று எனக்குச் சிரிப்புக்கூட வந்தது, அதையும் மறைக்கவில்லை. அப்புறம் சொன்னாய்: "மக்களே, இந்த ஷிப்புக்கு ஸ்டாண்ட் கெடையாது, தரையில வெச்சா சாயுது. இதுக்கு ஒன்றரை மார்க் கட். ஆனா எங்கிட்ட ஒரு ஸ்பெஷல் ஸ்டாண்ட் இருக்கு." அப்படிச் சொல்லிவிட்டு மேசைக்குக் கீழே கையை விட்டு எடுத்தாய் பார், அந்தச் சிவப்புக் கட்டையை. ஓரத்தில் உன் பால்பல் பதிந்த தடத்தோடு. கப்பலை அதன் மேல் நிறுத்தினாய். "இது எங்க அம்மா பால்வாடியில இருந்து எனக்காகத் திருடினு வந்த கட்டை மக்களே. எங்க அம்மா ஒரு க்யூட்டான திருடி" என்று சொல்லிக் கண்ணடித்தாய். பத்துக்கு எட்டரை போட்டாய். கப்பலுக்கு.

டேய், நான் இந்த ஊர் அங்கன்வாடியில் முப்பது வருசமாக டீச்சர். புதூர்நாட்டுக்கு எந்த ஜீப்பில் ஏறினாலும் எனக்கு ஓர் இடம் விடுவார்கள். எட்டு மாதத்தில் ஓய்வு. அந்தக் கட்டை விஷயம் உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தது, உன் அப்பாவுக்குக்கூடத் தெரியாது. என் தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணினவன் நீ. அந்தக் கையால் கட்டையை எடுத்துக் கேமரா முன்னால் ஆட்டினாயே, உனக்கு ஒரு நிமிசம்கூடக் கூசவில்லையா? வேறு யாராவது சொல்லியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். சண்டைக்குப் போயிருப்பேன். நீ சொன்னாய். அதுவும் கோபத்தில் சொல்லவில்லை, ஆசையாகச் சொன்னாய். இதற்கு நான் யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

எத்தனையோ பேர் பார்த்துவிட்டார்கள் என்று போனில் பெருமையாகச் சொன்னாய். எனக்கு ஒருத்தி பார்த்தது போதும். ஆம்பூரில் செருப்புக் கம்பெனிக்குப் போகிற செல்வி, கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். அவள் யார் என்று உனக்கு மறந்திருக்கும். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது நம் அங்கன்வாடியில் ஆயாவாக இருந்த அஞ்சலையின் மகள். வெள்ளிக்கிழமை காலையில், பிள்ளைகள் முட்டை சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், அஞ்சலை வாசலில் வந்து நின்றாள். இருபத்தோரு வருசமாக அவள் அந்தப் படியை மிதித்ததில்லை. கையில் செல்போன். "இன்னா டீச்சரே, உம்புள்ள இதுல இன்னாவோ சொல்றானாம். எனக்கு சரியா கேக்கல, நீயே போட்டுக் காட்டு" என்றாள். அவளுக்கு நன்றாகவே கேட்டிருந்தது. என் எதிரில் கேட்க வேண்டும் என்று வந்திருக்கிறாள். மூன்று முறை போடச் சொன்னாள், போட்டேன். அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அப்ப நானு சூடம் அணைக்கறேன்னு சொன்னப்போ, வேணான்னு ஏன் தடுத்த?"

அவள் பதிலுக்கு நிற்கவில்லை. போகிற வழியில் ஒரு பிள்ளைக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது, குனிந்து முந்தானையால் துடைத்துவிட்டு இறங்கிப் போனாள்.

உனக்குத் தெரிந்தது பாதிதான் தம்பி. அந்தப் பாதியைத்தான் நீ கடை விரித்தாய். மீதிப் பாதியை நான் சொல்கிறேன், கேள். உனக்கு ஆறு வயசு. அந்த வாரம்தான் அங்கன்வாடிக்குப் புதிதாக ஒரு பை நிறையப் பிளாஸ்டிக் கட்டை வந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் நீ நேராக என்னிடம் ஓடி வருவாய். "அம்மா, ஒரு தடவ தொட்டுப் பாக்கறேன்" என்றாய். டீச்சர் பிள்ளை முதலில் தொட்டால் ஊர் என்ன சொல்லும் என்று உன்னை விரட்டிவிட்டேன். எப்போதும் அப்படித்தான் செய்தேன். சத்துமாவு உருண்டை கொடுத்தாலும் உனக்குக் கடைசியில்தான், பாட்டுக்கு நடுவில் நிற்கவைக்க வேண்டுமென்றாலும் அடுத்த வீட்டுப் பிள்ளையைத்தான். அது நேர்மை என்று நினைத்துக்கொண்டேன். ஊர் வாய்க்குப் பயந்து பெற்ற பிள்ளையை ஓரத்தில் உட்காரவைத்ததற்கு நேர்மை என்று பெயர் வைத்திருந்தேன், அவ்வளவுதான். நீ கோபித்துக்கொண்டு போய்ப் பலா மரத்தில் ஏறினாய், விழுந்தாய், காலை முறித்துக்கொண்டாய். திருப்பத்தூர் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு, ஒன்றரை மாதம் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்றார்கள்.

கட்டிலில் கிடந்து நீ அழுத அழுகை இருக்கிறதே, கால் வலிக்கு அழவில்லை. "அந்தக் கட்டைய ஒரு தடவ" என்று அழுதாய். மூன்றாம் நாள் சாயங்காலம், பிரிக்காத அந்தப் பையை அப்படியே சேலைக்குள் வைத்து எடுத்து வந்தேன். ஒரு வாரத்தில் திரும்ப வைத்துவிடலாம் என்றுதான் எடுத்தேன். திருடுகிறவர்கள் எல்லாரும் இதைத்தான் சொல்வார்கள் என்று எனக்கும் தெரியும். அதற்குள் சூப்பர்வைசர் அம்மா வந்துவிட்டார். புதுச் சாமான்களைப் பார்க்க வேண்டும் என்றார். பை இல்லை.

சாவி இரண்டு பேரிடம்தான். நான் ஒன்று, காலையில் வந்து திறந்து பெருக்கும் அஞ்சலை ஒன்று. யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லாரும் அஞ்சலையின் முகத்தைப் பார்த்தார்கள். அடுத்த நாளே கோயில் முன்னால் ஊர் கூடிவிட்டது. அஞ்சலை அழவில்லை. "கோயில்ல சூடம் கொளுத்துங்க, நான் அணைக்கறேன். சாவி வெச்சிருக்கற ரெண்டு பேரும் அணைக்கட்டும்" என்றாள். நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியும்தானே. எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்து ஒருவர் சத்தியம் பண்ணிவிட்டால், மறுநாள் அவர் மேல் யாரும் நாக்கைப் புரட்ட முடியாது. பொய்ச் சத்தியம் பண்ணினால் குடும்பத்தைச் சாமி பார்த்துக்கொள்ளும் என்பதும் வழக்கம். நீ கட்டிலில் காலை நீட்டிக் கிடக்கிறாய். நான் எப்படிப் போய் அணைப்பேன்?

அப்போதுதான் நான் எழுந்து அந்த மகா பெரிய காரியத்தைச் செய்தேன். "வேணாங்க. புள்ளைங்க வெளையாடற சாமானுக்காவ சாமி முன்னால சத்தியம் எதுக்குங்க? இன்னா கஷ்டமோ, எடுத்தவங்க எடுத்துட்டாங்க. போனது போவட்டும். நான் மேடத்துக்கிட்ட சொல்லி சமாளிச்சுக்கறேன்" என்றேன். ஊர்க்கவுண்டர் கை எடுத்துக் கும்பிட்டார். "டீச்சருக்குப் பெரிய மனசு" என்று நாலு பேர் சொன்னார்கள். அஞ்சலை மட்டும் திரும்பத் திரும்ப, "நான் அணைக்கறேங்க, என்னை உடுங்க, நான் அணைக்கறேங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். "அதான் டீச்சரே மன்னிச்சிட்டாங்க இல்ல, போம்மா" என்று அவளை அனுப்பிவிட்டார்கள். திருடி என்று நான் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மன்னித்தேன். செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு வாங்கியவள் அதை எங்கே போய்க் கழுவுவாள்? சத்தியத்துக்குப் பயந்தவள் நான். சத்தியம் பண்ணாதவள் என்ற பெயர் அவளுக்கு.

அதற்கப்புறம் நடந்ததையும் கேள். பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிற தாய்மார்கள், வாசலிலேயே பிள்ளையின் கொலுசைக் கழற்றி மடியில் கட்டிக்கொண்டு போவார்கள். அவள் கண் முன்னாலேயே. இரண்டு மாதம் பொறுத்தாள். ஒருநாள் சாவியை என் மேசை மேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். தை மாதம் குடகு காப்பித் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போன ஜீப்பில் அவளும் போனாள். அப்புறம் வருசா வருசம் அதே. செல்வியைத் தங்கச்சி வீட்டில் விட்டுவிட்டுப் போவாள். அந்தப் பிள்ளைக்கு நான் தினமும் ஒரு உருண்டை கூடக் கொடுப்பேன். அதோடு கணக்குத் தீர்ந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். த்தூ, என்ன ஜென்மம் நான்.

உன் கால் சரியானதும், ஒரு மத்தியானம் வீட்டில் யாரும் இல்லாதபோது அந்தக் கட்டைகளை எல்லாம் அடுப்பில் போட்டுக் கொளுத்தினேன். கறுப்பாகப் புகை. மூன்று நாள் சாமைச் சோற்றில் அந்த வாடை போகவில்லை. உன் அப்பா தட்டை முகர்ந்து பார்த்து, "இன்னாடி, டயரப் போட்டு சோறு ஆக்கினியா?" என்று கேட்டார். சிரித்து மழுப்பினேன். உன்னைக் கூப்பிட்டு என் தலையில் கை வைக்கச் சொல்லி, "யாருக்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் வாங்கினேன். நான் பண்ணப் பயந்த சத்தியத்தை ஆறு வயசுப் பிள்ளையைப் பண்ணவைத்தேன். நீ அதைக் காப்பாற்றவில்லை என்று இன்றைக்கு உன் மேல் எரிகிறேன். எரியத்தான் செய்கிறேன், நியாயமா இல்லையா என்று நீ கேட்காதே. அத்தனை கட்டையில் ஒன்றை மட்டும் நீ ஒளித்துவைத்திருந்தாய் என்பதும், அதைச் சென்னை வரைக்கும் கொண்டுபோயிருந்தாய் என்பதும் எனக்கு அந்த வீடியோவில்தான் தெரிந்தது.

சரி, இப்போது சனிக்கிழமைக்கு வருகிறேன். காலையில் சூப்பர்வைசர் அம்மா போன் பண்ணினார். இவர் புதியவர், நல்ல மாதிரி. "டீச்சர், பையன்கிட்ட சொல்லி அது சும்மா கதைன்னு ஒரு வீடியோ போடச் சொல்லிடுங்க. ரிட்டயர்மென்ட் நேரத்துல எதுக்கு வம்பு? நானும் கண்டுக்கல" என்றார். நீயும் அதையே சொன்னாய். "ஏம்மா டென்ஷன் ஆவுற? அது கன்டென்ட்மா. வியாழக்கெழம இன்னொண்ணு போட்டு, வியூஸ்க்காக வுட்டேன்னு சொல்லிட்டா மேட்டர் ஓவர்." எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? கேட்ட உடனே சரி என்றேன். அன்றைக்குச் சாயங்காலம் டீகூட இனித்தது. அஞ்சலையின் முகம் ஒரு தடவைகூட என் ஞாபகத்துக்கு வரவில்லை. இருபத்தோரு வருசத்துக்கு முன்னால் எப்படி எழுந்து நின்றேனோ, அப்படியே மறுபடியும் எழுந்து நின்றேன். இந்த முறை உன்னையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு.

ஞாயிற்றுக்கிழமை பீரோ மேல் கிடந்த பெட்டி கண்ணில் பட்டது. பொங்கலுக்கு நீ அனுப்பினாயே, அதே விண்கலம், 'உன் பிள்ளைங்களுக்கு' என்று எழுதி. அறிவு இருக்கிறதா உனக்கு? அரிசி பருப்பு அளவுக்குக் கட்டை. என் அங்கன்வாடிப் பிள்ளைகள் நாலை முழுங்கிவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி உட்கார்ந்திருக்கும். அதனால்தான் பிரிக்காமல் வைத்திருந்தேன். அன்றைக்கு என்ன தோன்றியதோ, இதற்கு என்னதான் மார்க் போட்டிருக்கிறான், நாமும் போட்டுப் பார்ப்போம் என்று எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கோபத்தில்தான் உட்கார்ந்தேன்.

நீ ஒழுங்காக ஒவ்வொன்றாகச் சொல்வாயே, அதே மாதிரி நானும் சொல்கிறேன். பெட்டி, உள்ளே இருக்கிற சாமானுக்கு இரண்டு மடங்கு பெரிது. வாங்கி அனுப்பியவன் வாய் மாதிரி. கட்டைகள் மூன்று கவரில் நம்பர் போட்டு வந்தன, அது நல்ல ஏற்பாடு. உருண்டு ஓடாமல் இருக்க முறத்தில் கொட்டிக்கொண்டேன். வழிகாட்டிப் புத்தகத்தில் ஓர் எழுத்துகூடக் கிடையாது, எல்லாம் படம். அதையும் பாராட்டுகிறேன், எழுதப் படிக்கத் தெரியாதவரும் கட்டலாம். ஆனால் சாம்பல் நிறத்திலேயே இரண்டு சாம்பல் வைத்திருக்கிறான் பார், அவனை என்ன செய்வது? கண்ணாடி போட்டுக்கொண்டும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. உன் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "இன்னாடி, சாமையில கல்லு பொறுக்கறாப்ல இருக்குது" என்று சொல்லிக்கொண்டே பிரித்துக் கொடுத்தார். அப்போதுதான் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கட்டை கட்டிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். அவர் பொறுக்குவதை நிறுத்தவில்லை. ஒரு கவர் முடிந்ததும், "நானுந்தான் அந்தக் கூட்டத்துல இருந்தேன். போம்மான்னு அவள அனுப்பனதுல நானும் ஒர்த்தன்" என்றார்.

அடிப்பாகம் முடிந்து உடம்பு ஏறியது. வலது றெக்கையைப் பொருத்தப் போனால் உட்காரவில்லை. அழுத்தினேன், நகம் வலித்தது. திருப்பினேன். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தும் பார்த்தேன். கட்டை தயாரித்தவன் சரியில்லை என்று திட்டினேன். கடைசியில் பார்த்தால் தப்பு றெக்கையில் இல்லை. எங்கேயோ ஆரம்பத்தில், அடித்தட்டில், ஒரு கட்டையை ஒரு குமிழ் தள்ளி வைத்திருக்கிறேன். மேலே அத்தனையும் ஒழுங்காக வைத்தும் பிரயோசனம் இல்லை, எல்லாவற்றையும் பிரித்தால்தான் ஆகும். இதை வைத்து உனக்குத் தத்துவம் சொல்லப் போகிறேன் என்று பயப்படாதே. பிரித்தேன், அவ்வளவுதான். மறுபடியும் கட்டி முடிக்க இன்னும் ஒன்றரை மணி நேரம். முடித்தபின் நாலைந்து சின்னக் கட்டை மிஞ்சியது, மறுபடி எங்கே விட்டேனோ என்று பகீர் என்றது. அப்புறம்தான் உன் வீடியோ ஞாபகம் வந்தது, மிச்சம் வேண்டுமென்றே வைப்பார்களாம். அழகாகத்தான் இருக்கிறது. மூக்கு கூர்மை, முன்னால் நீலக் கண்ணாடி மாதிரி ஒரு துண்டு, வெயிலில் பிடித்தால் மினுங்குகிறது. தூக்கிக்கொண்டு நானும் 'ஷ்ஷ்' என்று இரண்டு அடி நடந்தேன், ஒரு றெக்கை கழன்று விழுந்தது. உறுதி என்று நீ சொன்னது தப்பு. மேசையில் வைத்தால் ஒரு பக்கமாகச் சாய்கிறது, அது நீ சொன்ன மாதிரியே. என்னைக் கேட்டால் பத்துக்கு ஏழு.

சாய்ந்து கிடந்த அந்தக் கப்பலைப் பார்த்துக்கொண்டே நின்றபோதுதான், நீ அதற்கு எதை முட்டுக் கொடுத்தாய் என்று எனக்கு உறைத்தது. ஒருத்தியின் மானத்தை. நீ தெரியாமல் வைத்தாய். நான் தெரிந்தே இருபத்தோரு வருசம் அதன் மேல் நின்றேன். டீச்சர் டீச்சர் என்று ஜீப்பில் இடம் விட்டார்களே, அந்த இடத்தில் அவள் உட்கார்ந்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமை அஞ்சலை வீட்டுக்குப் போனேன். வாசலில் புளி அடித்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை, நானும் உட்காரவில்லை. "வர்ற வெள்ளிக்கெழம ஊரக் கூட்டச் சொல்லியிருக்கேன் அஞ்சல. கோயில்ல நானே சொல்றேன். சூடம் அணைச்சி சொல்றேன், எடுத்தது நாந்தான்னு" என்றேன். கையில் இருந்த கோலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நீ எதுக்கு அணைக்கற? நீ எடுத்தவ. எடுத்தவளுக்கு இன்னா சத்தியம்? வாயால சொல்லு, போதும். சூடம் நான் அணைக்கணும். அன்னிக்கே அணைச்சிருக்க வேண்டியது, இன்னும் என் கையிலயே நிக்குது" என்றாள். உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். புளிக் கறையும் காப்பித் தோட்டத்துக் காய்ப்பும்தான் இருந்தது. "சூடம் மட்டும் நீ வாங்கினு வா" என்றாள்.

கிளம்பும்போது கூப்பிட்டாள். "டீச்சரே, ஒண்ணு சொல்றேன், கேட்டுட்டுப் போ. எடுத்தேன் எடுத்தேன்னு ஊரே சொல்லிச்சி. அது இன்னா நெறம்னுகூட எனக்குத் தெரியாது. பையப் பிரிக்கவே இல்லயே. உம்புள்ள காட்டித்தான் பார்த்தேன். செவப்பு." சொல்லிவிட்டுக் கோலை மறுபடியும் கையில் எடுத்துக்கொண்டாள். எனக்கு அந்த மண்ணிலேயே விழுந்துவிடலாம் போல இருந்தது. விழவில்லை. விழுந்தால் அவள்தான் தூக்கிவிட வேண்டியிருக்கும், அந்த வேலையும் அவளுக்கு எதற்கு?

அதனால்தான் சொல்கிறேன், வியாழக்கிழமை எதையும் போடாதே. 'சும்மா கதை' என்று நீ சொன்னால் நான் தப்பித்துவிடுவேன், அவள் மறுபடியும் திருடி ஆகிவிடுவாள். முதல் வீடியோவை எடுக்கவும் வேண்டாம், அப்படியே இருக்கட்டும். அதில் நீ சொன்னது உண்மை. சொன்ன விதம்தான் எனக்கு நெஞ்சில் தைத்தது. அம்மாவை விற்றாய் என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். அந்தக் கோபம் ஆறாது, ஆறிவிட்டது என்று உனக்காகப் பொய் சொல்ல மாட்டேன். இனிமேல் யாருடைய கதையையாவது எடுத்துச் சொல்ல வேண்டும் என்று தோன்றினால், அதில் இருக்கிற ஆட்களை எல்லாம் மனசில் வரிசையாக நிறுத்திப் பார். சிரிக்கிறவர்களை விட்டுவிடு. யார் சிரிக்கவில்லை என்று பார்த்துவிட்டு அப்புறம் வாயைத் திற. நான் இதை உனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. எனக்கே இந்த வாரம்தான் தெரிந்தது. வேலை போனால் போகட்டும், எட்டு மாதம் முன்னால் வீட்டில் உட்கார்ந்துகொள்கிறேன்.

இன்றைக்குக் காலையில் கடையில் சூடம் ஒரு பெட்டி வாங்கி வந்தேன். வேறு இடம் இல்லாமல் மேசை மேல் வைத்தேன், உன் அப்பா கப்பலைத் தூக்கி அதன் மேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அளவு சரியாகத்தான் இருக்கிறது, ஆடாமல் நிற்கிறது. வெள்ளிக்கிழமை காலையில் அந்தப் பெட்டியை நான் கோயிலுக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவேன். கப்பல் சாயும். சாயட்டும். வியாழக்கிழமையே பஸ் ஏறி வந்துவிடு. அந்தச் சிவப்புக் கட்டையை எடுத்துக்கொண்டு வா. வீட்டுக்கு வராதே, நேராகக் கோயிலுக்கு வா. அவள் சூடம் அணைத்து முடித்ததும், அதே கையில் அதை வை. ஒரு தடவை தொட்டுப் பார்க்கட்டும்.

அம்மா